பந்து இல்லாத கால்பந்து

'வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் வீடியோ வர வேண்டும். ஆட்டக்காரரைத் தெளிவாக அடையாளம் காட்டவும்.' கல்லூரிக் கால்பந்து கோச் அனுப்பிய இந்த வாட்ஸ்அப் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. (நான் எதையும் அழிப்பதில்லை. எங்கள் வீட்டில் யாருக்கு எந்தத் தேதியில் அம்மை போட்டது என்பதுகூட என்னிடம் உண்டு.)

ஆட்டக்காரர் என் அக்கா மகள் ஸ்டெஃபி. அக்கா பெசன்ட் நகரில் மீன் விற்கிறாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால்தான் ஸ்டெஃபிக்குக் கல்லூரி. இல்லையென்றால் பாண்டி பஜாரில் ஏதாவது துணிக்கடை. அடையாறு மைதானத்தில் அவள் ஆடியதைத் தோழி ஒருத்தி தூரத்திலிருந்து எடுத்திருந்தாள். பதினொரு பேருக்கும் ஒரே நீலச் சட்டை. பார்க்க எறும்புப் புற்றைக் கலைத்துவிட்டதுபோல் இருந்தது.

"எடிட்டிங்கை என்கிட்ட விடுங்க" என்றேன். அப்போது அந்த மென்பொருளோடு எனக்கு ஒரு வாரப் பழக்கம்.

அவளைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டிருந்தால் போதும். ஆனால் எங்கள் வம்சத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகிறவளுக்கு வெறும் வட்டமா? அவள்மேல் மட்டும் ஒளி விழ, மற்றதெல்லாம் இருட்டாகும் வசதி ஒன்று இருந்தது. ஆளை ஒருமுறை தொட்டுக் காட்டினால் ஒளி தானாகவே பின்தொடருமாம். தொட்டேன். கீழே பெயர், இடம், தேதி எழுதினேன். அனுப்புமுன் அந்தத் தேதியைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். ஆட்டத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளி மதியம் அனுப்பிவிட்டு மயிலாப்பூரில் என் வீட்டுக்கும் மாடிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அக்காவும் ஸ்டெஃபியும் வந்திருந்தார்கள். நாலரைக்குப் போன் அடித்தது. கோச்.

"மேடம், பொண்ணு நல்லா ஓடுது."

"ரொம்ப நன்றி சார்."

"எதுக்கு ஓடுதுன்னுதான் தெரியல."

ஸ்டெஃபி கணினியில் வீடியோவை ஓட்டினாள். கும்மிருட்டில் ஒரு பெண் தனியாக ஓடினாள். காற்றை உதைத்தாள். யாரும் தள்ளாமலே குப்புற விழுந்தாள். எழுந்து மறுபடி ஓடினாள்.

"இன்னா சித்தி இது? நான் மட்டும் ஓடிக்கினு கீறேன். பந்து எங்க?"

"இருட்டில் இருக்கு" என்றேன்.

"பேய் புடிச்ச மாதிரி கீது" என்று அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதற்குள் திரையில் ரெஃப்ரி ஸ்டெஃபிக்குக் குறுக்கே ஓடினார். ஒளி நன்றியே இல்லாமல் அவர் பின்னால் போய்விட்டது. இருட்டில் எங்கோ ஆரவாரம். வெளிச்சத்தில் ரெஃப்ரி நிதானமாக மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சித்தி, அங்கதான் நான் கோல் போட்டேன்."

"பன்னெண்டாவது படிச்சவன்னு உன்னாண்ட குடுத்தேன் பாரு!" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

சிவப்பு வட்டத்தோடு புதிதாக ஒன்று செய்ய உட்கார்ந்தேன். அவசரத்தில் முதல் வட்டம் கோல் கம்பத்துக்குப் போனது. ஸ்டெஃபி என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கித் தானே வட்டம் போட்டாள். வீடியோ எவ்வளவு தயாராகிவிட்டது என்று காட்டும் கோடு திரையில் ஊர்ந்தது, பாதியில் நின்றது. நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், விசிறியைப் போட்டேன், அணைத்தேன். "ஒரு எடத்துல குந்துடி, தலை சுத்துது!" என்றாள் அக்கா. வீடியோ போய்ச் சேர்ந்தபோது ஐந்து தாண்டிவிட்டது. நானே கோச்சைக் கூப்பிட்டு, பிழை என்னுடையது, குழந்தையைத் தண்டிக்காதீர்கள் என்று அழாத குறையாகக் கெஞ்சினேன்.

"வீடியோவே வேணாம் மேடம்" என்றார். "திங்கக்கிழமை பொண்ண நேர்ல அனுப்புங்க. பந்து நாங்களே தர்றோம்."

திங்களன்று பகல் வெளிச்சத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற ஒரு பந்தை வைத்து ஸ்டெஃபி இரண்டு கோல் போட்டாள். இடம் கிடைத்தது.

இன்றும் எங்கள் வீட்டில் மின்சாரம் போனால் யாரும் மின்வாரியத்தைத் திட்டுவதில்லை. "சித்தி எடிட்டிங் ஆரம்பிச்சிடுச்சு" என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வரும்.

அணியில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் நாளே அந்த இருட்டு வீடியோவைப் போட்டுக் காட்டுகிறார்கள் என்று ஸ்டெஃபி சொல்கிறாள். சாட்சிக்கு அவளுடைய தோழிகள் மட்டுமே. கோச்சிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆகவே இத்தகவல் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.