என் ஐஸ் பெட்டியில் கனடா

மலேசியாவில், ஈப்போவின் உச்சி வெயிலில், இரும்புப் பட்டறையில், நெருப்புப் பொறி பறக்கப் பறக்க, கழுத்து வரைக்கும் கம்பளிச் சுவெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவர் எங்கள் அடுக்குமாடி வீட்டில், எனக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். இல்லை என்று யாராவது வாதாட வந்தால் வரட்டும். எனக்கு வாதாடத் தெரியாது. ஆனாலும் இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது ஐசி என்கிற அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. எங்கள் மாடிக்கும் பட்டறைக்கும் அவர் 'சுவெட்டர் அண்ணே'. வீட்டுக்கு கேட் அடிக்கச் சொல்ல வருகிறவர்கள் அவரைப் பார்த்ததும் "காய்ச்சலா அண்ணே?" என்று கேட்டுவிட்டு இரண்டடி தள்ளி நிற்பார்கள். "இல்லலா, கனடா" என்பார் அவர். வந்தவர்கள் இன்னும் இரண்டடி தள்ளிப் போவார்கள்.

மனைவி சிறு வயதிலேயே தவறிவிட்டாள். ஒரே மகள் கோமதி, தாதி வேலை படித்து, கனடாவுக்குப் போய்விட்டாள். விமானம் ஏறும்போது, "அப்பா, நீங்களும் வந்துடுங்க" என்று அழுதாளாம். அழுகிற பிள்ளை எல்லாந்தான் சொல்லும். இவர் அதை அரசாங்க உத்தரவாக எடுத்துக்கொண்டார். மறுநாளே பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பழைய துணிக் குவியலைக் கிளறி ஒரு பச்சைச் சுவெட்டரோடு வந்து, குளிருக்குப் பழக ஆரம்பித்தார்.

சூப்பர் மார்க்கெட்டில் உறைந்த கோழி வைத்திருக்கும் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார். கோழி தேடுகிறார் என்று உதவிக்கு வந்த பெண்ணிடம், "நீ போம்மா, நான் சும்மா மூச்சு விடறேன்" என்றாராம். கேமரன் மலைக்கு பஸ் ஏறிப் போனார். திரும்பி வந்தபோது மூக்கில் தண்ணீர் ஒழுகியது. "அதெல்லாம் ஒரு குளிரா அக்கா?" என்று கேட்டுவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடந்தார்.

ஒரு சாயங்காலம் என் கதவைத் தட்டினார்.

"அக்கா, உங்க ஐஸ் பெட்டியில கொஞ்சம் எடம் இருக்குமா?"

மீன் வாங்கி வந்திருப்பார் என்று தலையாட்டினேன். பைக்குள்ளிருந்து ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை எடுத்தார்.

"இதுக்கு எதுக்கு ஐஸு?" என்றேன். நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான் என்று நினைக்கிறேன்.

"பழக்கணும்லா. அங்க போயி தரையில வெச்சதும் காலு பயந்துடக் கூடாதுல்ல?"

அன்றிலிருந்து தினமும் வேலை விட்டு வந்ததும் உறைந்து விறைத்த காலுறையை வாங்கி மாட்டிக்கொள்வார். வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார். பிறகு கழற்றி என்னிடமே கொடுத்துவிடுவார். என் கெம்போங் மீனுக்குக் காலுறை வாசனை வந்ததா, அவர் காலுக்கு மீன் வாசனை வந்ததா, தெரியவில்லை. மாடிப் பூனைகள் எல்லாம் அவர் பின்னாலேயே ஊர்வலம் போகும்.

காலையில் வேறு மாதிரி இருப்பார். விடிந்தும் விடியாத நேரத்தில் ஈப்போவின் சுண்ணாம்பு மலைகளில் மூட்டம் இறங்கி நிற்கும். மலை எது, மேகம் எது என்று தெரியாது. அண்ணன் வராந்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை அரைவாசி மூடி நிற்பார். "இப்படி அரக்கண்ணால பாத்தா பனிதாங்க்கா. கொஞ்ச நேரம் நானும் அங்கதான் இருப்பேன்" என்பார். நானும் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தேன். அரைக் கண்ணில் எல்லாமே கனடாதான்.

முழுக் கண்ணில்தான் சிக்கல்.

கனடாவுக்குப் போக டிக்கெட் வாங்கினால் போதும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் முன்னோரை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கப்பலில் ஏற்றினார்களே! இப்போது நாமாகப் போய்க் கதவைத் தட்டினாலும் யார் நீ, என்ன வயது, என்ன படிப்பு, நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று படம் பிடித்துப் பார்க்கிறார்கள்.

முதலில் வேலைக்காரனாகப் போகப் பார்த்தார். இரும்பு ஒட்டத் தெரிந்தவர்கள் அங்கே தேவையாம். ஆனால் ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும். கோலாலம்பூருக்குப் போனார். பரீட்சை வைத்த அம்மா, "உங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். இவர் "முடியும்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அந்த அம்மா காத்திருந்தார். இவரும் காத்திருந்தார். நேரம் முடிந்தது.

"ஏன் பேசல?" என்று கேட்டேன்.

"ஆரம்பின்னு அவங்க சொல்லலியே அக்கா. ஆபீசர் சொல்லாம நம்மளா வாயத் தொறந்தா மரியாதையா?"

தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது பரீட்சை இல்லை, துரை முன்னால் நிற்பது. அதன் பிறகு ஆங்கிலம் படிக்கத்தான் செய்தார். ஆங்கிலம் ஏற ஏற வயதும் ஏறியது. இரண்டில் வயதுதான் முந்திப் போனது.

அடுத்து, காப்பிக் கடையில் ஒரு ஏஜெண்டு வந்து ஒட்டிக்கொண்டான். "சுத்திப் பாக்கப் போற மாதிரி போங்கண்ணே. எறங்குனதும் அப்படியே காணாமப் போயிடுங்க. ஒருத்தனும் தேட மாட்டான்."

அண்ணன் காப்பியைக் கீழே வைத்தார். "எம் மவ என்னைக் காணணும்னு கூப்பிடுறா. நான் எதுக்குடா காணாமப் போகணும்?"

கோமதியே கெஞ்சினாள். நேர் வழியில் விருந்தாளியாக ஆறு மாதம் வந்து இருந்துவிட்டுப் போங்கள் என்றாள். அதற்கும் மாட்டேன் என்றுவிட்டார். எனக்கே கோபம் வந்தது. அன்று காலுறையை வாங்கும்போது அவராகவே சொன்னார்.

"சித்தியவான் பக்கம் தோட்டத்துலதான் பொறந்தேன். எங்கப்பாவும் அதே வூட்லதான் பொறந்தாரு. தோட்டத்த வித்தப்போ, இந்தத் தேதிக்குள்ள காலி பண்ணுங்கன்னு கதவுல ஒட்டிட்டுப் போனானுங்க. அதுல இருந்து தேதி போட்ட வூடுன்னா எனக்கு ஆகாதுக்கா. எம் மவ வூட்டுக்குப் போனா, திரும்பிப் போற தேதி இல்லாமத்தான் போவேன்."

நான் காலுறையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, நன்றாகக் குளிரும் இடத்தில் வைத்தேன்.

கடைசி வழி, மகள் அப்பாவை நிரந்தரமாகக் கூப்பிட்டுக்கொள்வது. ஆனால் கூப்பிட ஆசைப்படுகிற பிள்ளைகள் ஏராளம் என்பதால் பெயர்களைக் குலுக்கிப் போட்டுத்தான் எடுக்கிறார்களாம். இதைக் கேட்டதும் எங்கள் மாடிக்கே உயிர் வந்துவிட்டது. குலுக்கலைப் பற்றி எங்கள் ஆட்களுக்கா சொல்ல வேண்டும்? வாரா வாரம் நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவர்கள்! கோயிலில் தேங்காய் உடை என்றார் ஒருவர். "மொதல்ல என்னா கனவு கண்டீங்க, அதச் சொல்லுங்கண்ணே" என்றார் இன்னொருவர்.

கனவுக்கா பஞ்சம்? அண்ணன் சொன்னார்: "தோட்டத்துல பால்மரமெல்லாம் வரிசையா நிக்குது. சத்தமே இல்லாம பனி விழுது. ஒவ்வொரு கோப்பையிலயும் பால் மாதிரி பனி நெறஞ்சு நிக்குது. நான் எடுத்து எடுத்து வாளியில ஊத்துறேன். ஊத்தினதெல்லாம் தண்ணியா போவுது. வேலைய மேய்க்கிற மண்டோர் வந்து, பாலுல தண்ணி கலந்தியாடான்னு ஏசுறான்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்தத் தோட்டம் கண்ணுக்குள்ளேயே நின்றது. நானும் பால்மரம் வெட்டியவள்தான். இருட்டில் நெற்றி விளக்கோடு நடந்த நிரைகளில் பனி விழுந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டே சமைத்தேன். குழம்பில் உப்பில்லை.

அண்ணன் நேரே நம்பர் கடைக்குப் போனார். அங்கே கடை முதலாளி, சீனத் தவுக்கேயிடம் ஒரு கனவுப் புத்தகம் உண்டு. பாம்பு, பிணம், யானை, பல் விழுவது என்று எல்லாவற்றுக்கும் படம் போட்டு, படத்துக்கு ஒரு நம்பர் போட்டிருக்கும். தவுக்கே தோட்டத்து ஆட்களோடு பழகித் தமிழ் பேசுகிறவர். புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"பனி இல்ல லா. பேராக் ஸ்டேட்ல யாரும் பனி கனவு பாக்கல. நீதான் மொதோ ஆளு."

"இருக்கறதுல கிட்ட எது தவுக்கே?"

"ஐஸ் காச்சாங் இருக்கு. வேணுமா?"

கிண்ணத்தில் துருவிக் குவித்துப் பாகு ஊற்றிய ஐஸும் ஒரு பனிமலைதானே என்று ஐஸ் காச்சாங் நம்பரை எடுத்தார். எடுத்ததன் நோக்கம் பரிசு இல்லை. இங்கே நம்பர் அடித்தால் அங்கே பெயர் வரும் என்று ஒரு கணக்கு. அடித்தது! ஆறுதல் பரிசுதான், ஆனாலும் அடித்தது. மாடியே கத்தியது. அந்த வாரமே கோமதி போன் பண்ணினாள். குலுக்கலில் பெயர் வரவில்லை.

அண்ணன் என் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். "வந்த அதிர்ஷ்டம் கடை மாறி எறங்கிருச்சுக்கா."

அந்தப் பணத்தில் மாடி முழுவதற்கும் ஐஸ் காச்சாங் வாங்கிக் கொடுத்தார். தன் கிண்ணத்தைச் சாப்பிடாமல், அது கரைந்து தண்ணீராவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் வருடங்கள் போயின. ஒரு வருடம் கனடாவில் புது மனுவே வாங்கவில்லை என்றார்கள். சுவெட்டர் முழங்கையில் கிழிந்தது. நான் ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன். அங்கே பேத்தி பிறந்து, தவழ்ந்து, பேசவும் ஆரம்பித்துவிட்டாள். ஒரு நாள் அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். முகம் சரியில்லை.

"பாப்பா நான் இந்தப் போனுக்குள்ளதான் குடியிருக்கேன்னு நெனச்சிருக்காக்கா. பேசி முடிச்சதும் போனத் திருப்பி, தாத்தா எங்கேன்னு பின்னாடி தேடுறா."

அன்று காலுறையைக் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்கச் சுவெட்டர் இல்லாமல் வேலைக்குப் போனார். பட்டறையில் யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லையாம்.

பிறகு யாருமே கனவு காணாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, பெயர் வந்தது.

வந்ததும் முடிந்ததா? நீதான் அப்பன் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். தோட்டத்துக் கோயிலில் மாரியம்மன் முன்னால் தாலி கட்டியவர்; கல்யாணத்தைப் பதிய வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாருக்குத் தோன்றியது? அதனால் பிள்ளையின் சூராவில், அதாவது பிறப்புப் பத்திரத்தில், அப்பன் பெயர் இல்லை. எச்சிலைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அண்ணன் முதல் நாளே விரதம் பிடித்தார். தலை முழுகி, திருநீறு பூசி, மூன்று முறை பல் விளக்கிக்கொண்டு கிளம்பினார்.

"எச்சிலுக்கு எதுக்கு அண்ணே இவ்வளவு?" என்றார்கள்.

"என் பொண்டாட்டிக்காக சாட்சி சொல்லப் போவுதுலா. சுத்தமாத்தான் போவணும்."

யாரும் சிரிக்கவில்லை. எச்சிலும் உண்மையைத்தான் சொன்னது.

போகிற நாள் அன்று மலையில் மூட்டம் இறங்கியிருந்தது. பச்சைச் சுவெட்டரில், என் ஒட்டோடு, என் வாசலில் வந்து நின்றார். "போயிட்டு வாரேங்க்கா" என்றார். வழக்கமாக எல்லோரும் சொல்வதுதான். தேதி மட்டும் சொல்லவில்லை.

போன மாதம் அங்கிருந்து போன் பண்ணினார். பனி எப்படி என்று கேட்டேன்.

"பனி வெளிய கெடக்குது. வூட்டுக்குள்ள என்னா சூடு தெரியுமாக்கா? எல்லா அறையிலயும் சூடு ஊதுறானுங்க. நான் சிங்லெட்டு பனியனோட ஒக்காந்திருக்கேன். சுவெட்டரப் பாப்பா பொம்மைக்குப் போத்திட்டா."

இத்தனை வருடப் பயிற்சியும் என் மீனுக்குத்தான் உபயோகம். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"இப்பல்லாம் பனி கனவுல வரதில்லக்கா. நம்ம வராந்தாதான் வருது. நீங்க துணி காயப்போடுறீங்க. நான் காலுறைக்கு நிக்கிறேன். நீங்க ஒண்ணும் பேசல, எப்பவும் போலத்தான். நல்ல வெயிலு. எந்திரிக்கவே மனசு வரல. தவுக்கேகிட்ட இதுக்கு என்னா நம்பருன்னு கேட்டு எடுங்க. நல்ல நம்பரா இருக்கும்."

நான் அந்தக் கடைப்படி ஏறியதே இல்லை. தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு போனேன்.

"என்னா கனவும்மா? பாம்பா, பொணமா?" என்றார் தவுக்கே.

"பக்கத்து வூட்டு பொம்பள துணி காயப்போடுறது" என்றேன். யார் அந்தப் பொம்பளை என்று சொல்லவில்லை.

புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "இல்ல லா. இதயும் யாரும் கனவு பாக்கல."

வீட்டுக்கு வந்து ஐஸ் பெட்டியைத் திறந்தேன். அண்ணன் மறந்துவிட்டுப் போன காலுறை அப்படியே விறைத்துக் கிடந்தது. மீன் வாசனை படாமல் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.