அலமாரிச் செடிகளும் வாய் நிறையக் குண்டூசியும்

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாள் அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தையும் சம்பந்தி ஐயாவின் முழங்கால் சுகத்தையும் உங்கள் மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கேட்டு, வீடு முழுக்கக் கேட்கும்படி திருப்பிச் சொல்லிவிடுவதால் நான் தனியாக விசாரிக்கவில்லை, விசாரித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொல்லக்கூடியதை எதற்கு மெனக்கெட்டு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். கடிதத்தில் அது நடக்காது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் தம்பிக்கு அம்மை. எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும்.

பள்ளிக்கூடத்து வசந்த விழாவில் நடந்ததை மாப்பிள்ளை இதற்குள் உங்களிடம் சொல்லியிருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், தங்கமானவர், ஆனால் அன்றைக்கு அவர் நின்றது கடைசி வரிசையில், பிஸ்கட் விற்ற மேசைக்குப் பக்கத்தில். அங்கிருந்து பார்த்தவருக்கு என்ன தெரியும்? நானோ நட்டநடுவில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தவள். ஆகவே நடந்தது நடந்தபடி நான் எழுதுவதுதான், அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், முக்கியமாகக் கைப்பை பற்றிய பகுதியை.

நம் பேத்தி புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததிலிருந்து அங்கே வாயைத் திறக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் பேசுவாள், வாசலைத் தாண்டினால் பூட்டுதான். டீச்சர் கேட்டால் தலையை ஆட்டுவாள், பக்கத்துப் பிள்ளை கிள்ளினால்கூடச் சத்தம் வராது. நல்ல டீச்சர், சின்னப் பெண், என் மகளைக் கூப்பிட்டுக் கண் கலங்கச் சொன்னாள்: "வருஷம் முடியறதுக்குள்ள ஒரு நாலு வாக்கியமாவது பேசணுங்க. இல்லேன்னா இதே வகுப்புல இன்னொரு வருஷம் உக்கார வைக்கணும்னு பெரிய டீச்சர் சொல்றாங்க." அன்றிலிருந்து என் மகள் சாப்பாட்டுத் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். கிளம்புகிற அன்றைக்கு, ஒரு காலில் செருப்பைப் போட்டுக்கொண்டு மற்றக் காலில் போடாமல், சுவரைப் பிடித்தபடி என் மகளிடம் ஒரு வார்த்தை சொன்னீர்கள். "பாட்டி பேசி முடிச்சாத்தானேம்மா குழந்தை பேச இடம் கிடைக்கும்?" நான் சமையலறையில்தான் இருந்தேன். எனக்குக் காது கேட்காது என்று உங்களுக்கு யார் சொன்னது?

கல்யாண ஆல்பத்தில் முதல் பக்கத்துப் படத்தில் என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் கைப்பை இருக்கிறது. பச்சைக் கைப்பை, பித்தளைப் பூட்டு, பூட்டில் ஒரு கீறல். போட்டோக்காரன் "எல்லாரும் இங்க பாருங்க" என்றதும் நீங்கள் அதைத் தோளுக்குத் தூக்கினீர்கள். அதை நான் என்றோ மறந்துவிட்டேன். இதையும் மறந்துவிடுவேன். அதற்கு நேரம்தான் வர வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குளிர் விட்டு வெயில் முகம் காட்டியதும் பள்ளிக்கூடத்தில் வசந்த விழா என்று ஏற்பாடு. வேலிக்குப் பெயின்ட் அடிக்க அப்பாமார்கள், பிஸ்கட் சுட அம்மாமார்கள், கூடத்துக்குத் துணிக்கொடி தைக்கத் தாத்தா பாட்டிமார்கள். தாத்தாக்கள் யாரும் வரவில்லை, அவர்களுக்கெல்லாம் அன்றைக்கு மட்டும் இடுப்பு வலி. எல்லோரையும் மேய்க்க ஒரு பெண்மணி, கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், நான் அவளுக்கு விசிலம்மா என்று பெயர் வைத்திருந்தேன், மனசுக்குள்தான். அவள் என்னைப் பார்த்ததும், "பாட்டிம்மா, உங்களுக்கு மெஷின் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டாள். நான் தையல் மெஷின் ஓட்டத் தொடங்கியபோது அவளுடைய அம்மாவுக்குப் பாவாடை கட்டத் தெரிந்திருக்காது. சொல்லவில்லை. சிரித்து வைத்தேன். குறித்தும் வைத்தேன்.

தினமும் மதியம் பிள்ளைகள் விளையாடப் போனதும் நம் குட்டியின் வகுப்பறையில்தான் எனக்குத் தையல். அவள் விளையாடப் போகாமல் என் காலடியில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுப்பாள். ஒரு நாள் கத்தரிக்கோல் தேடி மூலையில் இருந்த அலமாரியைத் திறந்தேன். கதவில் 'திறக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருந்தது வாஸ்தவம். எனக்குப் படிக்கத் தெரியும். ஆனால் என் இடுப்பு உயரத்தில் ஒட்டியிருந்தால் அது குழந்தைகளுக்குத்தானே? உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு தட்டில் தண்ணீர் விட்டு, அதில் காகிதக் கப்புகளை நிறுத்தி, கப்புகளில் அவரைச் செடிகள். செடிகளா அவை? வெளுத்து, மஞ்சள் பூத்து, நூல் மாதிரி நீண்டு, ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து, காய்ச்சல்காரப் பிள்ளைகள் மாதிரி கிடக்கின்றன. ஜன்னலோரத்திலோ வேறு கப்புகள், பச்சைப்பசேல் என்று, வெயிலை அள்ளிக் குடித்துக்கொண்டு. அநியாயம் இல்லையா, சம்பந்தியம்மா? ஒரே வகுப்பில் பாதிப் பேருக்கு வெயில், பாதிப் பேருக்கு அலமாரி!

குட்டி என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "பாட்டி, அது வந்து..."

"நீ பேசாம இரு கண்ணு. எந்தப் பாவி இதுங்கள உள்ள வெச்சு மறந்தாளோ."

"இல்ல பாட்டி, டீச்சர் வந்து..."

"டீச்சருக்கு ஆயிரம் வேலை, மறந்திருப்பா. நாம எடுத்து வெயில்ல வெப்போம், போகும்போது உள்ள வெச்சிடுவோம். யார்கிட்டயும் சொல்லாத, அந்தப் பொண்ணு திட்டு வாங்கிடப் போகுது."

அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்த மாதிரிதான் இருந்தது, அதற்குள் நான் எங்கள் வெண்டைச் செடிக்கு ஒரு தடவை மண்ணில் உப்பு ஏறிய கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டேன், அது கொஞ்சம் நீளம். அன்றிலிருந்து தினமும் மதியம் அலமாரிப் பிள்ளைகளுக்கு ஜன்னலில் குளியல், மணி அடித்ததும் பழையபடி உள்ளே. விழா நெருங்க நெருங்க மஞ்சள் போய்ப் பச்சை ஏறியது. தண்டு தடித்தது. கைப்பிள்ளை தலை நின்றதைப் பார்க்கிற சந்தோஷம்.

அது ஒரு பாடம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? வெளிச்சம் இல்லாவிட்டால் செடி என்ன ஆகும் என்று காட்டத்தான் டீச்சர் வேண்டுமென்றே உள்ளே வைத்திருக்கிறாள். விழா அன்றைக்குத்தான் திறப்போம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்து, தானும் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். திறக்கிற வேலையை நம் குட்டிக்குக் கொடுத்திருந்தாள், பேச வேண்டாமே, கதவை இழுத்தால் போதுமே என்று, நல்ல மனசோடு.

விழாவும் வந்தது. அலமாரியைக் கூடத்துக்கு நகர்த்தி வந்து வைத்துவிட்டார்கள். நான் தைத்த கொடிகள் தலைக்கு மேலே ஆடுகின்றன (ஒன்றுகூடக் கோணல் இல்லை, மாப்பிள்ளை இதைச் சொல்லியிருக்க மாட்டார்). குட்டிக்குக் கழுத்தைச் சுற்றிக் காகிதப் பூவிதழ். அது சரியாகக் கடைசி நேரத்தில்தான் பிய்ந்தது. நான் அவளுக்குப் பின்னால் மண்டி போட்டு, இரண்டு கையாலும் இதழ்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டேன். தையல்காரியாக இருந்த நாளில் பழகிய பழக்கம். அந்த நேரம் பார்த்து விசிலம்மா ஊதிவிட்டாள். பெரிய டீச்சர் வந்தாயிற்று, ஆரம்பி என்று ஜாடை.

டீச்சர் ஆரம்பித்தாள். "வெளிச்சமே படாம வளர்ந்த செடி எப்பிடி இருக்கும்னு இப்ப பாக்கப் போறோம்." குட்டி கதவை இழுத்தாள். உள்ளே என் பிள்ளைகள், பச்சைப்பசேல் என்று, சபைக்கு வந்த மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன.

பின்வரிசையில் யாரோ ஓர் அப்பா சிரித்தார். பெரிய டீச்சர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "ஏம்மா, இதுவா இருட்டுல வளர்ந்தது?" என்றார். சின்ன டீச்சரின் முகம், பாவம், அலமாரியில் நான் முதலில் பார்த்த செடிகளின் நிறத்துக்குப் போய்விட்டது. எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நான்தான், நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். "ம்ம், ம்ம்ம்" என்றுதான் வந்தது. துப்பிவிடலாமே என்பீர்கள். எதிரே பாயில் உட்கார்ந்திருந்தது அத்தனையும் வெறுங்கால் பிள்ளைகள். கையில் எடுக்கலாமே என்பீர்கள். கையை விட்டால் பூ உதிர்ந்துவிடும், அந்தப் பூவுக்காகக் குட்டி முதல் நாள் பூராவும் கத்தரித்திருந்தாள்.

குட்டி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பேசுவேன் என்று காத்திருந்தாள், எப்போதும் நான்தானே பேசுவேன். பெயர் என்ன என்று அவளைக் கேட்டால் நான் சொல்வேன். என்ன பிடிக்கும் என்று கேட்டாலும் நான் சொல்வேன். இப்போது நான் பேசவில்லை. என் வாயைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது.

"எங்க பாட்டிதான் எடுத்து வெச்சாங்க" என்றாள்.

சம்பந்தியம்மா, கூடத்தின் கோடி வரைக்கும் கேட்டது. கணீர் என்று. அது உங்கள் குரல் என்று மாப்பிள்ளை சொல்வார், நம்பாதீர்கள், என் அம்மாவின் குரல்.

"தெனமும் மத்தியானம் ஜன்னல்ல வெச்சாங்க. முன்னாடி மஞ்சளாத்தான் இருந்துச்சு, டீச்சர். நீளமா, சாஞ்சு சாஞ்சு படுத்திருந்துச்சு. வெயில் பட்டதும் எந்திரிச்சிடுச்சு. அப்போ இருட்டுல இருந்தாலும் செத்துப் போகாது, வெளிய எடுத்தா சரியாயிடும். நான் பாத்தேன்."

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அப்புறம்?" என்றார்.

அப்புறம் என்று கேட்டிருக்கக் கூடாது. பூட்டு உடைந்தால் பெட்டியில் இருப்பது அத்தனையும் வெளியே வருமே! "பாட்டி அந்தப் பேப்பரப் படிச்சாங்க, அது நமக்கு இல்லன்னு சொன்னாங்க. அப்புறம் விக்கிறதுக்கு வெச்ச பிஸ்கட்ல ஒண்ணு எடுத்துப் பாத்தாங்க, மாவு வேகலைன்னு சொல்லிட்டு இன்னொண்ணும் எடுத்தாங்க. அந்த ஆன்ட்டிக்கு விசிலம்மான்னு பேரு வெச்சிருக்காங்க. நீங்க வாத்து மாதிரி நடக்குறீங்கன்னு சொன்னாங்க. எங்க அப்பாவோட அம்மா பச்சைக் கைப்பையால பாட்டி மூஞ்சிய மறைச்சிட்டாங்க, அதுல ஒரு கீறல் இருக்கு..." நான் "ம்ம்ம்! ம்ம்ம்ம்!" என்கிறேன். ஆமாம் போடுவதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கைதட்டி முடிந்த பிறகும் அவள் முடிக்கவில்லை.

விழா கலைகிற நேரத்தில் பெரிய டீச்சர் தன் வாத்து நடையில் என்னிடம் வந்தார். குண்டூசியை அப்போதுதான் எடுத்திருந்தேன், உதடு மரத்துக் கிடந்தது. "உங்க பேத்தி அடுத்த வகுப்புக்குப் போயாச்சு" என்றார். பிறகு, "பிஸ்கட் நான் சுட்டது" என்றார். சின்ன டீச்சர் அந்தச் செடிகளை எடுத்து ஜன்னலில் மற்றதுகளோடு வைத்துவிட்டாள், எது எந்தக் கப் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. நேற்று வாசலில் என்னைப் பார்த்து, "பாட்டி, வகுப்புல கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசச் சொல்லுங்களேன்" என்கிறாள். என் மகள் தட்டில் போட்டதை வழித்துச் சாப்பிடுகிறாள்.

ஆகவே, நீங்கள் செருப்போடு சொன்ன வார்த்தைக்கும் நடந்ததற்கும் சம்பந்தம் எதுவும் இல்லை என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். குழந்தை பேசியது வெயிலால், செடியால், நல்ல டீச்சரால். குண்டூசி தற்செயல். வருஷக் கடைசி விழாவில் வரவேற்புப் பேச்சு அவள்தானாம். நீங்கள் அதற்காக அலைய வேண்டாம். பயணம் தூரம், ஐயாவுக்கு முழங்கால், கூடத்தில் நாற்காலியும் குறைவு. நடந்ததை ஒன்று விடாமல் எழுதி அனுப்புகிறேன். அதில் நான் கெட்டிக்காரி என்று உங்களுக்கே தெரியும்.

ஐயாவுக்கு என் வணக்கம். உங்கள் மகனுக்கும் என் மகளுக்கும் குட்டிக்கும் பெரியவர்கள் உங்கள் ஆசி எப்போதும் இருக்கட்டும். எனக்கு வேண்டாம், நான் உங்களைவிட மூத்தவள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: விழாவில் எடுத்த படம் ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். குட்டி பேசுகிறாள், பின்னால் நான். என் முகம் முழுசாக விழுந்திருக்கிறது, யாரும் மறைக்கவில்லை, வாய் மட்டும்தான் மூடியிருக்கிறது. ராத்திரி அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே எழுதியதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம், கிளம்பி வாருங்கள், முதல் வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்கு விசிலம்மாவிடம் சொல்லியாயிற்று. குட்டி பேசி முடிக்கிற வரைக்கும் நான் வாயில் குண்டூசியோடுதான் உட்காரப் போகிறேன். உங்களுக்கும் ஒரு பிடி எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பச்சைக் கைப்பையை மறக்காமல் கொண்டு வாருங்கள், பிறகு அந்தக் குண்டூசிகளைப் போட்டுப் பூட்டி வைக்க வேறு எதற்குப் போவது?