அக்கா நோமாஸ்

எங்கள் மாகாணத்தில் செழித்து வளர்பவை மூன்று: ஆடு, முள்செடி, வழி சொல்லுகிறவர். ஆடுகளைக் கவனிக்க அரசாங்கத்தில் ஓர் இலாகாவே இருக்கிறது. முள்செடியைப் பற்றி யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் ஆராய்ச்சி செய்துவிட்டுக் காய்ச்சலோடு ஊர் திரும்பினார். வழி சொல்லுகிறவரை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்தக் குறையை இன்று தீர்த்துவிடலாம். கூடவே வாருங்கள், தூரமில்லை.

மேற்கே பனிமலை, கிழக்கே கடல், நடுவில் காற்று. படகோனியாவில் எங்களுக்கென்று ஒதுக்கியது அவ்வளவுதான். தலைநகரைக் கொண்டுபோய்க் கடலோர மூலையில் வைத்திருக்கிறார்கள், மலைப்பக்கத்து ஜனங்களின் கூச்சல் கவர்னரின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்றோ என்னவோ. இவ்வளவு பெரிய நிலத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். வழி சொல்லுகிறவர் குழல் வைத்து மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சுவதை நிறுத்துவார், தொப்பியைப் பின்னால் தள்ளுவார், அடிவானத்தை நோக்கித் தாடையைத் தூக்குவார், தூக்கியபடியே, "அக்கா நோமாஸ்" என்பார். உங்கள் அக்காவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. "இதோ, இங்கேதான்" என்று அர்த்தம்.

பொய்யா? பொய்யென்று சொல்லிவிட முடியாது. உள்ளூர்க்காரர்கள் சொல்லைக் கேட்பதில்லை, இழுப்பைக் கேட்கிறார்கள். "நோமாஸ்" வெட்டென்று முடிந்தால் நடந்தே போய்விடலாம். "நோமாஆஸ்" என்றால் டீசல் நிரப்பிக்கொள்வது நல்லது. "நோமாஆஆஆஸ்" என்றால் கம்பளியும் அரை ஆட்டுக்கறியும் எடுத்துக்கொண்டு, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆனால் "தூரம்" என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. வந்தால் மாகாணத்தை விட்டுக்கொடுத்தது போல ஆகிவிடுமே!

இந்த இனத்தின் அசல் மாதிரி லகூனா ஓவேரா என்ற மலைப்பக்கத்து ஊரில் இருக்கிறார். பெயர் அனிசெத்தோ கிலாகேயோ; மரியாதைக்கு முன்னால் ஒரு "தோன்" சேர்த்துக் கூப்பிடுவோம். வாழ்நாளெல்லாம் கம்பளி மூட்டை ஏற்றிப் போகும் லாரி ஓட்டியவர். ஊரில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அந்த லாரிதான் பாசோ மோரெனோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். போன குளிர்காலத்தில் அவர் மனைவி எர்மிந்தாவே குடல்வால் வீங்கி, மூட்டைகளின் மேல் படுத்தபடி போனாள். ஆட்டு நாற்றத்தில் வலியே தெரியவில்லை என்று சொல்லுவாள், சிரிக்காமல். பிழைத்து வந்ததும் முதல் வேலையாக, ஊருக்கு ஆம்புலன்ஸ் கேட்டுத் தலைநகரத்தை நச்சரிக்க ஆரம்பித்தாள்.

ஒருவழியாக அங்கிருந்து அதிகாரி லிசாந்திரோ ஃபெராரோ வந்து சேர்ந்தார், கழுத்தில் டையும் காலில் பளபளக்கும் ஷூவுமாக. ஆஸ்பத்திரி தூரத்தில் இருந்தால்தான் ஆம்புலன்ஸ் என்பது அரசாங்க விதி. சாலை விஷயத்தில் ஊர் சார்பாகப் பேச அனிசெத்தோவை விட்டால் ஆள் ஏது? எர்மிந்தா முந்தின நாளே அவரை உட்கார வைத்துப் பாடம் நடத்திவிட்டாள்.

"கிழவா, எவ்வளவு தூரம்னு கேப்பான். ரொம்ப தூரம்னு சொல்லு. ரெண்டே வார்த்தை."

"ரெண்டு வார்த்தை எனக்குச் சொல்ல வராதா, கிழவி?"

ஆடுகளிடம் சொல்லிப் பார்த்தார், வந்தது. அதிகாரி கேட்டபோதுதான் வரவில்லை. விருந்தாளியாக வந்த மனிதரிடம் எங்கள் ஊர் எல்லாவற்றுக்கும் எட்டாத இடத்தில் கிடக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? தாடை தானாக எழுந்தது. "அக்கா நோமாஸ்" என்றார். டைக்கு மரியாதை கொடுத்து, இழுக்கக்கூட இல்லை.

"அப்ப பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு. ஆம்புலன்ஸ் எதுக்கு?" என்றார் ஃபெராரோ. வந்தது வந்தாயிற்று, அதையும் ஒரு நடை பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம், தோன் அனிசெத்தோ வழி காட்டட்டும் என்றார். எர்மிந்தா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே போய், இரண்டு கம்பளியும் ஒரு மூட்டை ரொட்டியும் கொண்டுவந்து காரில் வைத்தாள்.

சரளைச் சாலையில் முதலில் டயர் போனது. அதை மாற்ற இறங்கிய ஃபெராரோவின் கையிலிருந்து காற்று கதவைப் பிடுங்கிப் பின்பக்கமாக மடக்கியது. கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தபோது டையும் போனது; அது இந்நேரம் கடலைக் கடந்திருக்கும். அவர் கேட்கும்போதெல்லாம் அனிசெத்தோ மனம் கோணாமல் ஒரு மேட்டைக் காட்டினார், அந்த மேடு ஏறியதும் இன்னொன்றைக் காட்டினார். இருட்டுகிற நேரத்தில் பாசோ மோரெனோ வந்தது. இடுப்பு பிடித்துக்கொண்ட ஃபெராரோவை ஆஸ்பத்திரிக்குள் இரண்டு பேர் தூக்கிப் போனார்கள்.

"தோன் அனிசெத்தோ, இதுக்குப் பேரு பக்கமா?"

"அதான் வந்துட்டோம்ல."

மறுநாள் லகூனா ஓவேரா பள்ளிக்கூடத்தில், இடுப்பைப் பிடித்தபடி, ஆம்புலன்ஸ் கட்டாயம் தேவை என்று ஃபெராரோ அறிவித்தார். ஊரே கை தட்டியது. நான்கு பேர் பார்க்க எர்மிந்தா அனிசெத்தோவைக் கட்டிக்கொண்டாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை; தான் வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னதாகக்கூடப் பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிவிட்டார்.

"அது எப்ப வரும் ஐயா?" என்று கேட்டாள் எர்மிந்தா.

ஒரு நாள் பயணத்தில் மனிதன் எவ்வளவோ கற்றுக்கொள்கிறான். ஃபெராரோ தலைநகர் இருக்கும் திசையைப் பார்த்துத் தாடையைத் தூக்கினார்.

"ஆம்புலன்ஸா? அக்கா நோமாஆஆஆஸ்."

கைதட்டல் நின்றுவிட்டது. அந்த வார்த்தையை அனிசெத்தோ ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பார். அவரிடம் யாரும் அதைச் சொன்னதில்லை, இன்றுவரை. முகம் சுண்டிப்போய்விட்டது. மனைவியின் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டார்.

"கிழவி, லாரிக்கு டீசல் போட்டு வைக்கணும்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இன்று காலை யாரோ உங்களுக்காகக் காத்திருந்து போன் செய்தார்களே, வாயில் பற்பசை நுரையோடு, "இதோ, பக்கத்துல வந்துட்டேன்" என்றீர்களே, அந்த "பக்கத்துல"வை எவ்வளவு இழுத்தீர்கள்? கேட்டவர் ஒன்றும் சொல்லவில்லை என்றுதானே நினைக்கிறீர்கள்? இன்னொரு தரம் கூர்ந்து கேளுங்கள். அந்தப் பக்கம் டீசல் ஊற்றுகிற சத்தம் கேட்கும்.