என் பேரில் ஒரு கடன்

இனிமேல் என் கடைக்கு நான்தான் முதலாளி. திங்கட்கிழமை காலை பல் துலக்கும்போது எடுத்த முடிவு.

என்னுடையது பை ரிப்பேர் கடை. ஜிப் போனால் மாற்றுவேன், வார் அறுந்தால் தைப்பேன். மிஷினுக்கு என்னைவிட வயது அதிகம். நாலு தையல் போட்டால் மூன்றைத் தாண்டிவிடும். இந்த நேரம் பார்த்து ஒரு பள்ளிக்கூடத்தில் முந்நூறு பை தைத்துக் கேட்டார்கள். புது மிஷின் இல்லாவிட்டால் ஆர்டர் எதிர்க்கடைக்காரனுக்குப் போய்விடும். அவன் இப்போதே என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

"பேங்க்ல கடன் கேட்கப் போறேன். என் பேர்ல!"

"உங்க பேர்லயா?" வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தவே இல்லை. "குடுப்பாங்களா?"

"ஏன் குடுக்க மாட்டாங்க? இருபது வருஷமா கடை வச்சிருக்கேன்."

"சரி, போயிட்டு வாங்க. அந்தச் சட்டையை மட்டும் மாத்திக்குங்க."

மாற்றிக்கொண்டு போனேன்.

மேனேஜர் அம்மா கம்ப்யூட்டரைத் தட்டினார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி தட்டினார்.

"சார், உங்க கணக்குல ரெண்டு வருஷமா பணமே வரலையே?"

"வியாபாரம் தினமும் நடக்குதும்மா."

"பணம் எதுல வாங்குறீங்க?"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். கடை வாசலில் இருக்கும் கியூஆர் அட்டை மனைவியின் கணக்குக்குப் போகிறது. அட்டை ஒட்ட வந்தவன் ஸ்மார்ட்போன் கேட்டான். அப்போது என்னிடம் இருந்தது பட்டன் போன். "அவ நம்பரைப் போட்டுக்கப்பா" என்று பெருந்தன்மையாகச் சொன்ன மகான் நான்தான். அன்றிலிருந்து யார் ஸ்கேன் பண்ணினாலும் வீட்டில் அவள் போன் கத்தும். ஒரு டீக்குக்கூட நான் அவளிடம் கை நீட்ட வேண்டும். அலுத்துப்போய், பாதிப் பேரிடம் "நெட் வரலை, ரொக்கமா குடுங்க" என்று கெஞ்சி வாங்கினேன். யாரோ திரும்ப வாங்க மறந்த சூட்கேஸின் உள்துணிக்குள் அந்தப் பணத்தை அவள் கண்ணில் படாமல் வைத்துத் தைத்தேன். பேங்க் கண்ணிலும் படாமல் தைத்திருக்கிறேன் என்று இப்போதுதான் புரிந்தது.

"ரொக்கமா வாங்குவேன்மா."

"அதுக்கு ஆதாரம்?"

சூட்கேஸையா தூக்கிக்கொண்டு வர முடியும்?

"கடை எங்க சார் இருக்கு?" என்றார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"அட, அந்தக் கடையா! போன வாரமே கடன் குடுத்தாச்சே. முதலாளியம்மா போன்லயே விண்ணப்பம் போட்டாங்க. ரெண்டு வருஷமா ஒரு நாள் விடாம வரவு. தங்கமான கணக்கு சார்!"

கால் போன போக்கில் கடைக்கு வந்தேன். புது மிஷின் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மனைவி.

"காலையிலயே சொல்லியிருக்கலாமே!"

"ஆசையா கிளம்புனீங்க. ஏன் கெடுக்கணும்?" என்றாள். "மிஷின் விலையில நம்ம பங்கா கொஞ்சம் கட்டணும்னு பேங்க்ல சொன்னாங்க. அதான் அந்தச் சூட்கேஸைப் பிரிச்சேன். அதுல மட்டும் தையல் தாண்டவே இல்லைங்க."

ஆர்டர் தப்பித்தது. நிம்மதிதான். வெட்கமும் பிடுங்கித் தின்றது.

"அப்ப இந்தக் கடையில நான் யாரு?"

"உங்களை விடுவேனா? எழுதியிருக்கேன், பாருங்க."

போனில் விண்ணப்பத்தைக் காட்டினாள். வேலையாட்கள்: ஒருவர். அனுபவம் உண்டு. கண்காணிப்பு தேவை.