ஆளே இல்லாத வரிசை

ஆளைக் கண்டாலே செலவு என்று பதறுகிற ஓர் இனம் உலகெங்கும் பரவியிருக்கிறது. நாம் பார்க்கப்போகிறவருக்குத் தானியங்கிதாசர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஸ்மார்ட்போன் தொழிற்சாலை ஒன்றில், போன்களைப் பூட்டிச் சேர்க்கிற வரிசைக்கு மேலாளர். தொழிலாளி ஒருத்தி தண்ணீர் குடிக்க எழுந்தால் அவர் கண் கடிகாரத்துக்குப் போகும். இயந்திரம் அரை நாள் மல்லாந்து கிடந்தாலோ, "செட்டிங் ஆகுதுப்பா, தொந்தரவு பண்ணாதீங்க" என்பார்.

"இது லீவு கேக்குமா? கல்யாணம், காய்ச்சல்னு போன் பண்ணுமா?"

கேட்காதுதான். ஆசை ஆசையாக அவர் வாங்கிவைத்த இயந்திரக் கை திருகாணிகளை மளமளவென்று முடுக்கித் தள்ளியது. ஆனால் போனின் திரையை உள்ளேயிருக்கும் மின்சுற்றுப் பலகையோடு இணைக்கிற, வெங்காயத்தோல் மாதிரி மெல்லிய ஒரு பட்டை வயர் இருக்கிறதே, அதைச் செருகச் சொன்னால் மட்டும் கசக்கிப் போட்டது. மேலிடத்துக்கோ 'ஆளே இல்லாத வரிசை' என்று பெருமையாக எழுதிப் போட்டாயிற்று. என்ன செய்வார்? வரிசையின் நடுவே ஒரு தடுப்பு வைத்து, அதன் பின்னால் முன்பு அந்த வேலை பார்த்த பெண்களையே உட்காரவைத்தார். அவர்கள் சம்பளத்தைக் 'கூலி'யிலிருந்து உருவி 'இயந்திரப் பராமரிப்பு' என்ற தலைப்பில் செருகினார். கூலிச் செலவு ஒழிந்தது!

அந்தப் பெண்களில் ஒருத்தி அவருடைய மச்சினி, மனைவியின் கூடப்பிறந்த தங்கை. அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

முதலாளி வந்தார், பார்த்தார், தாசரின் முதுகில் தட்டினார்.

"பிரமாதம்! ஆமா, பராமரிப்பு ஏன் இவ்வளவு ஆகுது?"

"அது... கொஞ்சம் நுணுக்கமான மெஷின் சார்."

"புது மெஷின்தானே? அடுத்த மாசத்துலேர்ந்து அந்தச் செலவை எடுத்துடுங்க."

தடுப்புக்குப் பின்னால் பெண்களின் கைகள் நின்றுபோயின. 'அங்க ஆள் இருக்காங்க சார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "கண்டிப்பா சார்" என்றார், பாவி மனுஷன்.

மாலையில் மச்சினி வழிமறித்தாள்.

"மாமா, நாங்க இல்லாம அந்த வயரை யாரு மாட்டுவா?"

"மெஷின் கத்துக்கும்மா."

"அது கத்துக்கிற வரைக்கும் நான் என்ன பண்றது?"

தாசரின் கண் கடிகாரத்துக்குப் போயிற்று. அவளுக்கு வேலை போயிற்று, வரிசை படுத்துவிட்டது, அவர் இன்னும் பெரிய இயந்திரம் ஒன்று கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் வந்திறங்கியதும், வேலைக்கு வருகிற அக்காவிடம், "இனிமே துவைக்கிற வேலை இல்லையே, சம்பளத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா?" என்று கேட்டீர்களே? அழுக்குத் துணியைப் பிரித்துப் போட்டு, எடுத்து, உதறிக் காயவைத்து, மடித்து உங்கள் அலமாரியில் அடுக்கி வைப்பது யார்? மெஷினா?