ஈலியின் பின்கேட்டுச் சாவி

மேரு, கிள்ளான்

கமலநாதன் மாமாவுக்கு,

பின்கேட்டைத் திறந்துவிட்டது நீங்கள்தான். இதை முதலில் எழுதிவிட்டேன். இனி முறைப்படி நலம் விசாரிக்கிறேன். முழங்கால் வலி குறைந்ததா? அத்தைக்கு வணக்கம். வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டதால் இந்தக் கடிதம்.

பொங்கல் விழாவுக்கு நாடகம் எழுதச் சொன்னது குடியிருப்போர் சங்கத் தலைவரான நீங்கள். "உள்ளூர் விஷயம் தொடாதே. இனம், மதம், அரசியல், நம்ம எஸ்டேட் வீட்டுப் பிரச்சனை எதுவும் வேணாம். எங்கேயோ தூரத்துல, ரொம்ப காலம் முன்ன நடந்ததா எழுது. யாருக்கும் மனசு நோகக் கூடாதுலா" என்றீர்கள். சரி என்று இங்கிலாந்துக்கே போனேன். ஆயிரத்து அறுபத்தாறில் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் ஒரு போரில் ஜெயித்து முடிசூடிக்கொண்டான்; ஆங்கிலேயர்கள் ஐந்து வருடம் அடங்கவில்லை. எக்ஸிட்டரில் கோட்டைக் கதவைச் சாத்தினார்கள். யார்க்கில் எழுந்தார்கள், அவன் வடக்கையே கொளுத்திப் பட்டினி போட்டான். கடைசியில் ஹெர்வர்ட் என்பவன் சதுப்புநிலத்துக்கு நடுவே ஈலி என்ற தீவில் ஆட்களோடு போய் உட்கார்ந்துகொண்டான். இதைவிடத் தூரமான கதைக்கு நான் எங்கே போவது?

ஹெர்வர்ட் வேடம் அப்பாவுக்கு. போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிற மனிதர், ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து வசனம் படித்தார். வில்லியமாகப் பக்கத்து வீட்டு லோகன். "ராஜா மேடைக்கு வந்தா மாலை, பொன்னாடை இல்லாம எப்படி? சங்கத்துக்கு அசிங்கம்" என்று நீங்கள் அடம்பிடித்தீர்கள். அதனால் ஊரைக் கொளுத்திவிட்டு வந்தவனுக்கு, அவனை எதிர்க்க வந்த அப்பாவே மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, போட்டோவுக்கு நின்று, அப்புறம்தான் வாளை உருவினார். வசனம் மறந்துபோனது, மேடைக் கூச்சம். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அடுத்த காட்சியில் ஈலி மடத்துத் துறவிகள், வெளியே இருந்த தங்கள் நிலங்களை வில்லியம் பிடுங்கிக்கொண்டதில் பயந்துபோய், தீவுக்குள் வரும் ரகசிய வழியைக் காட்டிக்கொடுக்கிறார்கள். மடத்துத் தலைவராக நடித்த சந்திரகலா அக்கா, "இப்படி வாங்க ராஜா, இது பின்பக்கம்" என்று கை காட்டியதும் முன்வரிசையிலிருந்து நீங்கள் குதித்து எழுந்தீர்கள்.

"யாரைக் குத்திக் காட்டுற நீ? கோயிலுக்கு இடம் தரேன்னான், அதான் தொறந்தேன்! எனக்கா கேட்டேன்?"

மைக் உங்கள் கையில் இருந்தது, மாமா.

அந்த நிமிடம் வரை எங்கள் யாருக்கும் தெரியாது. வீடுகளை இடிக்க வந்த கம்பெனியின் சர்வேயர்களை நாற்பது குடும்பமும் முன்வாசலில் மூன்று வாரம் வெயிலில் உட்கார்ந்து தடுத்தோம். ஒரு காலையில் பார்த்தால் அவர்கள் கோயிலுக்குப் பின்னால், செம்பனைத் தோட்டத்துப் பக்கம் இருக்கும் பின்கேட் வழியாக வந்து எங்கள் சமையலறைச் சுவரில் சிவப்பு எண் எழுதிக்கொண்டிருந்தார்கள். "பூட்டு துரு, அவனே உடைச்சிருப்பான்" என்றீர்கள், சாவி வைத்திருந்த நீங்கள். நம்பினோம். நான் சத்தியமாக ஈலித் துறவிகளைத்தான் எழுதினேன். கிட்டத்தட்ட ஆயிரம் வருடத்துக்கு முன் செத்த சாமியாருக்காக நீங்கள் ஏன் எழுந்து நிற்க வேண்டும்?

மிச்சக் காட்சியை நடத்த விடவில்லை நீங்கள். வழி காட்டிய துறவிகளுக்கே வில்லியம் பிறகு அபராதம் போட்டான். கோயிலுக்கு இடம் என்று உங்களிடம் சொன்னவன் அதை எழுதிக் கொடுத்தானா? வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்று அவன் நீட்டும் தாளில் நாங்கள் யாரும் கையெழுத்துப் போடமாட்டோம். அப்பா இருக்கும் வரை இந்த வீட்டு வரிசையில் ஒரு செங்கல் நகராது. இனி அந்தக் கம்பெனிக்காரனோடு நீங்கள் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

குலதெய்வம் உங்கள் முழங்காலைக் காக்கட்டும். மனசாட்சியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

குமுதா

பி.கு.: இதை மடிக்கும்போது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாடகத்துக்கு இரண்டு நாள் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டாராம். "எல்லாரும் போட்டுட்டாங்க, நீங்க மட்டும்தான் பாக்கின்னு அந்தக் கம்பெனிக்காரன் சொன்னான்மா" என்றார். யாரும் போடவில்லை, மாமா. அவர்தான் முதல் ஆள். ஹெர்வர்ட் கடைசியில் வில்லியமோடு சமாதானமாகப் போய்விட்டான் என்றும் ஒரு கதை உண்டு; பிடிக்காமல் நான்தான் வெட்டினேன். அந்தக் கம்பெனிக்காரன் உங்கள் பேச்சைத்தான் கேட்பான். அவனிடம் பேசி அப்பாவின் தாளைத் திருப்பி வாங்கித் தாருங்கள். எப்போது வாங்கித் தருவீர்கள்?