மீன் எண்ணெயில் ஒரு கோல்ஃப் ஆட்டம்

மற்ற ஆட்டங்களில் நம்மைத் தோற்கடிக்க எதிரே ஓர் ஆள் வேண்டும். கோல்ஃபில் அந்தச் சிரமம் யாருக்கும் கிடையாது, நாமே பார்த்துக்கொள்ளலாம். அதிலும் பந்தைக் குழிக்குள் தள்ளும் கடைசிக் கட்டம் இருக்கிறதே, அது மனிதனை அவமானப்படுத்துவதற்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்தது. அத்தனை தூரம் பறந்து வந்த பந்து, இரண்டு முழம் தள்ளியிருக்கும் குழிக்குள் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

ஆம்பூர் டேனரியில் தோல் தரம் பிரித்துக்கொண்டிருந்த எனக்கு இந்த வெள்ளைக்கார வியாதியை ஒட்டவைத்தவர் மானேஜர் துரை. நாடு சுதந்திரமடைந்த பிறகும் ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டவர். காய்ந்த ஏரியில் தன்னோடு ஆட ஆள் போதவில்லை என்று பேன்ட் போட்டவர்களையெல்லாம் இழுத்துவிட்டார். (என்னிடம் ஒரே ஒரு பேன்ட் இருந்தது. அதுதான் என் தகுதி.)

ஆனால் நான் விடாமல் போனதற்குக் காரணம் வேறு. எங்கள் முதல் குழந்தை, பெயர் வைப்பதற்கு முன்பே ஜுரத்தில் போய்விட்டது. என் மனைவி சரோஜா அழவில்லை. பேசவும் இல்லை. சோறு போடுவாள், பாய் விரிப்பாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். குடியாத்தத்தில் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசி வளர்ந்தவள் அவள். முன்பெல்லாம் நான் வாசலில் கால் வைத்ததுமே, "தோல் நாத்தம்! குளிச்சிட்டு உள்ள வாங்க" என்று விரட்டுவாள். இப்போது அதுகூட இல்லை. அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், சாயங்காலமெல்லாம் நான் ஏரியில் ஒரு குழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து, கோல்ஃப் ஆடுவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் துரைக்கு விருந்தாளியாக வருவதாகச் செய்தி வந்தது. அவரோடு ஆடவேண்டிய உதவி மானேஜர் காய்ச்சலில் படுத்துவிட, துரை என்னைக் கைகாட்டிவிட்டார். களத்தைத் தயார்செய்யும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

எங்கள் ஏரியில் புல் கிடையாது. குழியைச் சுற்றி மணல் கொட்டி, அது பறக்காமலிருக்க லாரி எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஊற்றி உருளை ஓட்டுவோம். பார்த்து அந்த வாரம் லாரி ஷெட்டில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. என் தோஸ்த் கபூர், ஷாப்பில் (டேனரியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) மேஸ்திரி, வழி சொன்னான்.

"ஏன்பா பேஜார் ஆவுற? தோலுக்குப் போடற மீன் எண்ணெ பீப்பா பீப்பாயா கீது. தோலையே மெத்துனு ஆக்குது, மண்ண ஆக்காதா?"

"நாத்தம் வராதா கபூர்?"

அவன் பீப்பாய்க்குள் தலையை விட்டு மோந்து பார்த்தான். "இன்னா நாத்தம்? ஒண்ணும் தெர்லியே."

நானும் மோந்தேன். எனக்கும் தெரியவில்லை. (சுண்ணாம்புக் குழியிலும் ஊறின தோலிலும் மூக்கைத் தொலைத்த இரண்டு பேர் எண்ணெய்க்கு நற்சான்று கொடுத்தால் வேறெப்படி இருக்கும்?) ஒரு பீப்பாயைத் தாராளமாக ஊற்றி உருட்டினோம். களம் கண்ணாடி போல மின்னியது.

ஆட்டம் முடிந்ததும் டீ விருந்து இருக்கிறது, வீட்டுப் பெண்களும் வரலாம் என்று துரை சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது, "நீயும் வர்றியா?" என்று சரோஜாவிடம் ஒப்புக்குக் கேட்டேன். அவள் எழுந்து போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். அவள் கண்முன்னால் ஒரே ஒரு பந்தையாவது ஒழுங்காகக் குழியில் போட்டுவிட வேண்டும், அந்த முகத்தில் ஏதாவது ஒன்று அசைய வேண்டும். அன்று எனக்கிருந்த ஆசை அவ்வளவுதான்.

கடைசிக் குழிக்கருகே நாற்காலி போட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சரோஜா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெங்களூர்க்காரர் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, பெண் வீட்டார் ஜாதகம் பார்ப்பதுபோல மணலைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். பெரிய ஆட்டக்காரர்களின் பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து நானும் மூடிக்கொண்டேன்.

அவர் தள்ளிய பந்து அழகாக உருண்டு குழியின் விளிம்பில் நின்றது. அப்போது ஷாப் பக்கமிருந்து ஒரு நாய் ஓடி வந்தது. பின்னாலேயே அதன் சொந்தபந்தமெல்லாம் வந்தது. முதல் நாய் எண்ணெயில் ஊறிய அவருடைய பந்தைக் கவ்விக்கொண்டு கரையேறி ஓட, அவர் கோல்ஃப் கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். மற்ற நாய்கள் களத்தை நக்க ஆரம்பித்தன.

எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. சரோஜா பார்க்கிறாளே! நாய்களுக்கு நடுவே நின்று என் பந்தைத் தள்ளினேன். அது குழியைச் சுற்றிவிட்டு வெளியே வந்தது. அடுத்த நாய் அதையும் கவ்வியது. "ச்சீ, விடு!" என்று பாய்ந்தேன். கால் வழுக்கி, என் ஒரே பேன்ட்டோடு எண்ணெய் மணலில் உட்கார்ந்தேன். ஒரு நாய் என் காதை நக்கியது.

"துரை, நாய் தூக்கினு போனா எத்தினி அடி கணக்கு?" என்று கபூர் கவலையோடு கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. திரும்பினேன். சரோஜா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"இன்னாங்க, மீன் எண்ணெ நாத்தம்கூடவா தெர்ல உங்களுக்கு?"

குதிரை வண்டியில் வீடு திரும்பும் வழியெல்லாம் சிரித்தாள். பாதி வழியில் அது அழுகையாகிவிட்டது. குழந்தை போனதிலிருந்து அன்றுதான் அழுதாள். கூப்பிட ஒரு பெயர்கூட இல்லாததால், "கண்ணு, கண்ணு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் அழுதேன். வண்டிக்காரர் திரும்பிப் பார்க்காமல் குதிரையை மெல்ல நடக்கவிட்டார்.

துரை அதன்பின் என்னை ஆடக் கூப்பிடவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் யார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாலும், பரீட்சையில் தேறாவிட்டாலும், ரயிலைத் தவறவிட்டாலும், சரோஜா கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இன்னா, நாய் தூக்கினு போய்டுச்சா?" பிறகு பிறந்த எங்கள் மகளுக்கும் அது தொற்றிக்கொண்டது.

போன ஆடியில் சரோஜா போய்விட்டாள். காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு நான் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நாய் தூக்கினு போய்டுச்சாப்பா?"

"ஆமாம்மா" என்றேன். இரண்டு பேரும் சிரிக்கத்தான் பார்த்தோம்.